அத்தைக்கு மேலே வளர்ந்த செடி

அந்தச் செடியை முதன்முதலில் வேரோடு பிடுங்கி எறிந்தவள் நான்தான். கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்த முதல் வருஷம், கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் மதியம். மறுநாள் ஊரே மெழுகுவர்த்தியும் மாலையுமாகக் கல்லறைத் தோட்டத்துக்கு வரும். சாமியார் வரிசை வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போவார். அதனால் முதல் நாளே ஒவ்வொரு குடும்பமும் தங்கள் ஆட்களின் கல்லறையைச் சுத்தம் செய்துவிடுவது வழக்கம். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். சுத்தம் என்றால் எனக்குக் கொஞ்சம் பேய் பிடித்த மாதிரி. போதாக்குறைக்குப் புது மருமகள். நான் பார்த்தேயிராத மாமியாரின் கல்லறை. சும்மா விடுவேனா? பக்கத்துக் கல்லறைக்காரர்களிடம் களைக்கொத்தி ஒன்றை இரவல் வாங்கி, மழைக்கு முளைத்திருந்த அருகு, கோரை, நெருஞ்சி எல்லாவற்றையும் சுரண்டித் தள்ளினேன். இரும்புச் சிலுவைக்குக் கீழே கோரை மாதிரியே, ஆனால் கொஞ்சம் அகலமாக, விறைப்பாக ஒரு கொத்து நின்றது. அது மட்டும் லேசில் வரவில்லை. காலை ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தேன். விரலில் ஒரு கீறல் போட்டுவிட்டு வந்தது. அதையும் சுவரோரக் குப்பையில் வீசிவிட்டு, மணலைத் தட்டிச் சமமாக்கி, தண்ணீர் தெளித்துவிட்டு நிமிர்ந்தபோது எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

என் மாமனார் மெழுகுவர்த்திப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார். கல்லறையைப் பார்த்தார். சிலுவையின் அடியை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "சொம்மா கண்ணாடி மாரி பண்ட்டியேம்மா" என்றார். நான் சிரித்தேன். அவர் மெதுவாகச் சுவரோரம் போய், நான் குவித்திருந்த களைக் குப்பைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து எதையோ தேட ஆரம்பித்தார். மூக்குக்கண்ணாடி விழுந்துவிட்டது என்று நினைத்து நானும் ஓடினேன்.

"என்ன மாமா தேடறீங்க?"

"ஒண்ணியும் இல்லம்மா. நீ கையி கால கய்விக்கினு வூட்டுக்குக் கெளம்பு."

திரும்பிப் பார்க்கும்போது அவர் கைக்குட்டையை ஈரம் பண்ணி எதையோ சுற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து கணவரிடம் இதைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அது களை இல்லை. ஒரு வருஷமாக மாமா வாரத்துக்கு இரண்டு முறை வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றி வளர்த்த செடி. அன்று ராத்திரி சாப்பாட்டில் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்து, "அது கெடக்கு, வேர் கீது, பொயச்சிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மீன் குழம்பை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நானாக இருந்தால் செத்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அதற்கு முன்னால் பல வருஷம் கப்பலிலிருந்து சரக்கு இறக்குகிற வேலை. உயரத்தில் உட்கார்ந்து, கீழே நிற்கிறவனின் கையசைவை மட்டும் பார்த்து வேலை செய்த மனிதர் என்பதால் வீட்டிலும் பாதிப் பேச்சு கையால்தான். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் மெதுவாக என்று அர்த்தம். முஷ்டியை மூடினால் நிறுத்து. நான் கோபத்தில் பாத்திரத்தைப் போட்டு உருட்டும்போதெல்லாம் கூடத்திலிருந்து ஒரு உள்ளங்கை எழுந்து மெதுவாகக் கீழே இறங்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அப்புறம் எங்கே கோபப்படுவது?

அத்தையை நான் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்பே போய்விட்டார். ஆனால் அவர் என்ன பேசுவார், எப்படித் திட்டுவார் என்பதெல்லாம் மாமா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். மாமா சரக்கு இறக்கிக்கொண்டிருந்த காலத்தில் அன்றைக்கு எந்தக் கப்பல் என்பதை அவர் சட்டையைப் பார்த்தே அத்தை சொல்லிவிடுவாராம். கறுப்பாக வந்தால் நிலக்கரி, மஞ்சளாக வந்தால் கந்தகம், சாம்பல் நிறத்தில் வந்தால் சிமெண்ட். கரியைக்கூட அவர் மன்னித்துவிடுவார். சிமெண்டை மட்டும் மன்னிக்க மாட்டார். வேர்வையோடு சேர்ந்து சட்டைக் காலரில் அது கல்லாக இறுகிப்போகும். துவைக்கிற கல்லில் அடித்தால் துணி கிழியுமே தவிர சிமெண்ட் போகாது. கை தோல் உரிந்து, விரலிடுக்கெல்லாம் வெடித்து, இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது, யாரும் கேட்காமலேயே மாமாவிடம் சொல்லியிருக்கிறார்: "உயிரோட கீற வரைக்கும் உன் சிமெண்டத் தொவச்சி மாரடிச்சேன். செத்தப்புறம் எம்மேல சிமெண்டு படக் கூடாது. சொல்ட்டேன்." மாமா சரி என்று வாக்குக் கொடுத்தார்.

கேட்க எளிதாக இருக்கும். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அது எவ்வளவு கஷ்டமான வாக்கு என்பது அங்கே ஆள் புதைத்தவர்களுக்குத்தான் தெரியும். பெயர்தான் தோட்டம், கால் வைக்க இடம் கிடையாது. வசதியுள்ளவர்கள் கிரானைட்டில் கட்டுகிறார்கள், இல்லாதவர்கள் செங்கல் வைத்துச் சிமெண்ட் பூசிச் சுண்ணாம்பாவது அடித்துவிடுகிறார்கள். கட்டாமல் விட்ட மண் கல்லறை நாலு மழைக்குக் கரைந்து தரையோடு தரையாகிவிடும். பிறகு வரப்போகிறவர்களுக்கு அது நடைபாதை. ஆளில்லாத கல்லறை என்று தோன்றிவிட்டால் சில வருஷம் கழித்து அந்த இடம் வேறு குடும்பத்துக்குப் போய்விடும். யாரையும் குறை சொல்ல முடியாது, செத்தவர்களுக்கும் இடம் வேண்டுமே. ஆக, மாமாவுக்கு வேண்டியது ஒன்றுதான்: சிமெண்ட் இல்லாமலும் அத்தையின் இடம் அத்தையின் இடமாகவே தெரிய வேண்டும்.

குழாய்த் துண்டுகளை வைத்து அவரே ஒரு சிலுவையை வெல்டிங் பண்ணி நட்டார். அது போதவில்லை. பூச்செடி வைத்துப் பார்த்தார். ரோஜா ஒரு மாதத்தில் உப்புக்காற்றில் கருகியது. குரோட்டன்ஸை ஆடு தின்றது. செவ்வந்தி பூத்தது, காய்ந்தது, அவ்வளவுதான். தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. மணல் தண்ணீரை நிறுத்தாது. கடற்காற்றும் லாரிப் புகையும் கரித்தூசியும் இலையில் அப்பிக்கொள்ளும். இதையெல்லாம் தாங்குகிற செடி எது என்று அவர் ஊரெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒருநாள் எண்ணூர் போகிற சாலையில், கன்டெய்னர் லாரிகள் இரண்டு பக்கமும் நகராமல் நிற்கும் இடத்தில், சாலை நடுத்தடுப்பில் நட்டதெல்லாம் செத்திருக்க ஒரு செடி மட்டும் பச்சையாக நின்றதைப் பார்த்திருக்கிறார். புல் மாதிரிதான் இருந்தது. நடுவில் நீட்டிய ஒரு தண்டில் மணி மாதிரி நீலப் பழங்கள் தொங்கின. பராமரிப்பு வேலை செய்த மேஸ்திரியிடம் கேட்டதற்கு, "டயனெல்லான்னு பேரு பெருசு. நம்ம மேற்கு மலையில தானா வளர்றதுதான். இத்த சாவடிக்கணும்னா தெனம் தண்ணி ஊத்தணும்" என்றாராம். வெட்டிப்போட்ட துண்டில் வேரோடு ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். மலையில் அதற்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் இருக்கும். எங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அது மணிச்செடி. நான் பிடுங்கி எறிந்தது அதைத்தான்.

மாமா சொன்னபடியே அது பிழைத்துக்கொண்டது. குப்பையிலிருந்து எடுத்த வேரை மறுபடி அதே இடத்தில் வைத்தார், தை மாதம் இரண்டு இலை விட்டது. அடுத்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் நான் அந்தப் பக்கமே போகவில்லை. காவலுக்குப் போகிற மாதிரி மாமாவோடு மறுநாள்தான் போனேன். போய்ப் பார்த்தால் சிலுவையடி மொட்டை. எண்ணூரில் கட்டிக்கொடுத்திருக்கும் என் நாத்தனார், மாமாவின் மூத்த மகள், விடியற்காலையிலேயே வந்து அம்மாவின் கல்லறையைச் சுத்தம் செய்துவிட்டுப் போயிருந்தார். "புல்லு மண்டிக் கெடந்திச்சி நைனா, நான்தான் வாரிப் போட்டேன்" என்று போனில் பெருமையாகச் சொன்னார். மாமா "நல்லதும்மா" என்றார். அதற்கடுத்த வருஷம் எங்கள் மாதாகோயில் இளைஞர்கள் கூட்டமாக வந்து ஒட்டுமொத்தத் தோட்டத்தையும் சுத்தப்படுத்தினார்கள். ஆக மூன்று வருஷம், மூன்று முறை, மூன்றும் பாசத்தில் செய்த கொலை. மூன்று முறையும் மாமா குப்பைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு பலகை எழுதி வையுங்கள், பிடுங்காதே என்று போடுங்கள் என்று கத்தினேன். "துக்கத்துல வந்து குனிஞ்சி வேலை செய்றவங்களாண்ட போயி பிடுங்காதன்னு எய்தி வெக்கறதா? மன்சனா நானு?" என்றார்.

வழியை அவரே கண்டுபிடித்தார். அதுவும் அவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய வழி. ஒரு சாயங்காலம் மொட்டைமாடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "கன்டெய்னர் யார்டுல இன்னா பண்ணுவோம் தெரிமாம்மா? ஒரே பொட்டிதான். ஒயுங்கா வரிசையில நின்னா அது சரக்கு. ஓரமா கோணலா கெடந்தா எவனும் அத்த சரக்குன்னு மதிக்க மாட்டான், குப்பன்னு தூக்கிக்கினு பூடுவான்" என்றார். அதற்கும் செடிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. அன்றிலிருந்து அவர் மணிச்செடியைப் பெருக்க ஆரம்பித்தார். இன்ஜின் ஆயில் கேன்களைப் பாதியாக வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, மாடியில் தண்ணீர்த்தொட்டி நிழலில் வரிசையாக வைத்தார். இந்தச் செடிக்கு விதை போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. மண்ணுக்கடியில் இஞ்சி மாதிரி கிழங்குத் தண்டு ஓடும். அதில் ஒரு முளையும் கொஞ்சம் வேரும் இருக்கிற மாதிரி பிரித்து வைத்தால் போதும். வைக்கும்போது இலையைப் பாதிக்குக் கத்தரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேர் பிடிப்பதற்குள் இலை தண்ணீருக்கு அழும். ஆழமாகப் புதைக்கக் கூடாது, அழுகிவிடும். முதல் இரண்டு வாரம் மட்டும் தண்ணீர் தவறக் கூடாது. அதற்குப் பிறகு அதை மறந்துவிட வேண்டும். இந்தக் கடைசி விதிதான் எனக்குக் கஷ்டம். பாசத்தில் நான் தினமும் ஊற்றி இரண்டு கேன் செடியை அழுகடித்தேன். மாமா முஷ்டியை மூடிக் காட்டினார்.

ஒன்றரை வருஷத்தில் நாற்பது கன்று சேர்ந்தது. ஒரு சனிக்கிழமை அவரும் நானும் அவற்றைச் சாக்கில் கட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றைக் கல்லறையின் நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார். முடிச்சுக்கு ஒரு கன்று. கயிற்றைவிட்டு அரை விரல் விலகினாலும் எடுத்து மறுபடி வைக்கச் சொன்னார். மீதியை நடுவில் குறுக்கு வரிசையாக வைத்தோம். வெயிலில் என் தலை சுற்றியது. செத்துப்போன அத்தைக்கு இவ்வளவு ஒழுங்கு எதற்கு என்று முணுமுணுத்தேன். அவர் அடுத்த முடிச்சைக் காட்டினார். அந்த நவம்பரில் யாரும் ஒரு இலையைக்கூடப் பிடுங்கவில்லை. கோயில் இளைஞர்கள் சுற்றியிருந்த புல்லை மட்டும் எடுத்துவிட்டு, வரிசைக்குள் விழுந்திருந்த பிளாஸ்டிக் கவரைப் பொறுக்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதே செடிதான். கலைந்து நின்றபோது களை. கயிறு பிடித்து நின்றதும் காய்கறிப் பாத்தி மாதிரி எல்லாருக்கும் மரியாதை வந்துவிட்டது. மாமா அன்று வீட்டுக்கு வரும் வழியில் எனக்குச் சூடாக ஒரு பாக்கெட் அத்தோ நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஒரு குறையும் இல்லை. மேற்பக்க இலைகள் கரித்தூசியால் மங்கும், முதல் மழையில் பளிச்சென்று ஆகிவிடும். பழுத்த இலையைக் கையால் உருவி எடுத்தால் போதும். மெல்லிய தண்டில் சின்னச் சின்ன வெளிர்நீலப் பூ பூக்கும். அது ஒன்றும் அப்படிப் பிரமாதம் இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் வருகிற மணி இருக்கிறதே, இங்க் நீலத்தில், எண்ணெய் தடவின மாதிரி மினுங்கும். பார்க்கிறவர்கள் வாயில் போட்டுக்கொள்ளப் போகிறார்களே என்று பயந்து மாமா வருகிறவர்களிடமெல்லாம், "பாத்துக்கினு போ, துன்னுடாத" என்று எச்சரிப்பார். கட்ட வசதியில்லாத இரண்டு மூன்று குடும்பங்கள் தங்கள் கல்லறைக்கும் கேட்டார்கள். மாமா கயிற்றையும் எடுத்துக்கொண்டு போய் நட்டுக் கொடுத்தார். குழி வெட்டுகிற அண்ணன் ஒருமுறை என்னிடம், "உங்க மாமனாரு வந்தா கிரேன் வந்த மாரிம்மா, கல்லறையெல்லாம் நேரா நிக்குது" என்றார்.

மாமா மூன்று வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். பத்து நாள் காய்ச்சல், நெஞ்சுச்சளி, அவ்வளவுதான். எங்களுக்கு ஒரே கல்லறைதான். அத்தையைப் புதைத்த குழியைத் திறந்து அதில்தான் அவரையும் வைக்க வேண்டும். இது எங்களுக்கு முன்பே தெரியும். ஆனால் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த எனக்கு, காலை எட்டு மணிக்குக் குழி வெட்ட ஆள் போயாயிற்று என்று யாரோ சொன்ன பிறகுதான் உறைத்தது. செடி! மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, சமையலறையிலிருந்து ஒரு வெங்காயச் சாக்கை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். செத்த வீட்டில் மருமகள் உட்கார்ந்திருக்காமல் எங்கே போகிறாள் என்று எத்தனை பேர் பேசியிருப்பார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது குழி வெட்டுகிற அண்ணன் கடப்பாரையை ஓங்கியிருந்தார். கத்தி நிறுத்தினேன். அவர் என்னையும் சாக்கையும் பார்த்துவிட்டு, கடப்பாரையைப் பக்கவாட்டில் சொருகி வேருக்கு அடியில் நெம்பிக் கொடுத்தார். நான் ஒவ்வொன்றாக எடுத்து மண்ணோடு சாக்கில் அடுக்கினேன்.

"இந்த மணலுக்கு எப்பவும் பலகை முட்டுக் குடுக்காம வெட்ட முடியாதும்மா, சரிஞ்சிக்கினே வரும்" என்றார் அவர், இடுப்பளவு ஆழத்தில் நின்றுகொண்டு. "இங்க மேல் மண்ணு பிடிச்சிக்கினு நிக்குது பாரு. எல்லாம் இந்த வேருதான்."

கொஞ்ச நேரத்தில் அவர் வேகம் குறைந்தது. கடப்பாரையை வைத்துவிட்டுக் கையால் மணலை விலக்க ஆரம்பித்தார். பிறகு என்னிடம் வெள்ளைத் துணி கேட்டார். கோயிலிலிருந்து குழிக்குக் கொடுத்தனுப்பியிருந்ததை எடுத்து நீட்டினேன். அத்தையை அவர் அந்தத் துணியில் சேர்த்து, முடிந்து, குழியின் ஓரமாக வைத்தார். எலும்பு கழுவின மாதிரி சுத்தமாக இருந்தது. நான் என் மாமியாரைப் பார்த்தது அன்றுதான். பயம் வரவில்லை; சிமெண்ட் இல்லை அத்தை என்று ஒரு வார்த்தை மட்டும் மனதுக்குள் அவரிடம் சொன்னேன். அப்போது போன் அடித்தது. கணவர். "எங்க போய்ட்ட?" என்றார். "உங்க அம்மாவோட இருக்கேன்" என்றேன்.

சண்டை ஏழாம் நாள் வந்தது. பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நாத்தனார் சொன்னார், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்துக் கறுப்புக் கிரானைட்டில் கட்டப் போகிறோம் என்று. கணவர் தலையை ஆட்டினார். நான் கரண்டியை வைத்துவிட்டேன்.

"அத்தை வேணாம்னு சொன்னாங்களே அக்கா."

"அது அம்மா கோவத்துல சொன்னது. இப்ப நைனாவும் உள்ள கீது. பெத்தவங்களுக்கு ஒரு கல்லு வெக்கலன்னா ஊரு இன்னா சொல்லும்? எண்ணூர்ல எங்க வூட்டு வாசப்படியில தெனம் பவர் ஹவுஸ் சாம்பல் ஒரு வெரல் மொத்தத்துக்குப் படியுது. நான் தொடைக்கறேன்ல? கிரானைட்டுனா துணிய வெச்சி ஒரு இழு இழுத்தா பளபளன்னு ஆயிடும். செடி வெச்சா காடுதான்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு இழுப்பில் பளபளக்கும் என்ற வார்த்தை எனக்குள்ளும் வேலை செய்தது. சுத்தப் பேய்க்குக் கிரானைட்டைப் பிடிக்காதா? அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது. "உங்கப்பா வாக்குக் கொடுத்திருக்கார், அவர் செத்த ஏழாம் நாளே அதை உடைக்கறீங்க" என்றேன். "நீ யாரு அத்தச் சொல்ல? எங்கம்மாவ நீ கண்டியா?" என்றார். கண்டேன் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. புது மண் ஒரு மழைக்காலம் முழுக்க இறங்கி அடங்கினால்தான் மேலே கட்ட முடியும் என்று கல்லறை கட்டுகிற மேஸ்திரி சொன்னதால், மழை முடிகிற வரை நீ செடியை வைத்துக்கொள் என்று எனக்கு ஒரு தவணை கிடைத்தது. பாத்ரூம் பக்கத்தில் ஈரச் சாக்கில் வாடிக் கிடந்த கன்றுகளை மறுநாளே தூக்கிப்போனேன். இலையைப் பாதிக்குக் கத்தரித்தேன். முடிச்சுக் கயிற்றைக் கட்டினேன். அரை விரல் விலகினதை எடுத்து மறுபடி வைத்தேன். அழுதுகொண்டே வைத்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. இரண்டு வாரம் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். அதற்குப் பிறகு ஊற்றாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தை பிறந்ததும் நாத்தனார் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நானும் கணவரும் போனோம். மழையில் மண் இறங்கியிருந்தது. ஐந்தாறு கன்று போய்விட்டிருந்தது. மற்றதெல்லாம் புது இலை விட்டு நின்றன. மேஸ்திரி டேப்பை எடுத்து நீட்டிக்கொண்டே, இந்தச் செடியையெல்லாம் எடுத்துவிடுங்கள் என்றார். நான் நகரவில்லை. நாத்தனார் என்னைப் பார்க்காமல், பக்கத்தில் யாருடைய கிரானைட் கல்லறையிலோ போய் உட்கார்ந்தார். உட்காரும் முன்னால் வழக்கமாக வீட்டில் செய்கிற மாதிரி முந்தானையால் அதைத் துடைத்தார். முந்தானை கறுப்பாக வந்தது. இன்னொரு பக்கம் துடைத்தார். அதுவும் கறுப்பு. மழை ஓடின தடம் வேறு அந்தக் கல்லில் கோடு கோடாகக் காய்ந்து கிடந்தது. அவர் எழுந்து நின்று தேய்க்க ஆரம்பித்தார். யாருடைய கல்லறை அது, அவருக்கு என்ன? ஆனாலும் தேய்த்தார். பிறகு சட்டென்று நிறுத்தி, தன் முந்தானையையே விரித்துப் பார்த்தார்.

"அம்மா தொவச்சே செத்துச்சி" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "நான் தொடைச்சே சாவணுமா?"

பிறகு வந்து எங்கள் செடி வரிசையின் முன்னால் குந்தினார். ஒரு இலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அடியிலிருந்து நுனிவரை இழுத்தார். விரலைப் பார்த்தார். மழைக்குப் பிறகு கழுவி விட்ட மாதிரி இருந்தது இலை. "மேஸ்திரி, நீ போய் ஒரு டீ சாப்டு" என்றார். டேப்பை எடுத்துக்கொண்டு போகலாமா, திரும்பி வர வேண்டுமா என்று அவர் விழித்தார். "திரும்பி வராத" என்றார் நாத்தனார். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பி, முகத்தை உர்ரென்றே வைத்துக்கொண்டு, செத்துப்போன கன்றுகளின் இடத்தைக் காட்டி, இதற்கெல்லாம் மாடியில் வேறு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அடுத்த சனிக்கிழமை எண்ணூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, கயிற்றின் ஒரு முனையை அவர் பிடித்தார்.

இப்போது கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்துதான் போகிறோம். அவர் புல் எடுப்பார்; நான் பழுத்த இலையை உருவுவேன். இருவரும் ஒருவர் வேலையை ஒருவர் நம்புவதில்லை. போன நவம்பரில் அங்கிருந்து திரும்பும்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது: எங்களுக்கு ஒரே கல்லறை. அத்தை, மாமா, அவர்களுக்குப் பிறகு நானும் என் கணவரும். ஒருநாள் அந்தச் செடியை மறுபடி நெம்பி எடுப்பார்கள், என்னை அவர்களோடு சேர்த்து வைப்பார்கள். அது எனக்குப் பயமாக இல்லை, சொந்த வீட்டுக்குப் போகிற மாதிரிதான் தோன்றியது. ஆனால் நான் முந்திக்கொண்டால் எங்கள் வீட்டு ஆள் தனியாக நின்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். சொந்தக்காரர்கள் நாலு பேர் கிரானைட் என்றால் தலையை ஆட்டிவிடுவார். ஏழாம் நாள் அவர் ஆட்டினதை நான் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். எனக்கும் சிமெண்ட் வேண்டாம், கல் வேண்டாம், செடியை மட்டும் எடுத்துத் திருப்பி வையுங்கள், அப்படியே செய்கிறேன் என்று இப்போதே சொல்லுங்கள் என்றேன். "அதுக்கு இன்னும் எவ்ளோ நாள் கீது, பசிக்குது, நீ சோத்தப் போடு" என்றார். அவர் வாயைத் திறந்து சரி என்று சொல்கிற வரை நான் தட்டை வைக்கவில்லை.